நிழல் விழாத நாளில் எடுத்த அளவு

வாங்க சார், உள்ள வாங்க. ஷூவ அப்படியே ஓரமா விடுங்க, பரவாயில்லை. புரோக்கர் கூட வரலையா? நல்லதாப் போச்சு. அவர் இருந்தா நம்ம ரெண்டு பேரையும் பேச விடமாட்டார், அவரே கேட்டு அவரே பதில் சொல்லிக்குவார்.

இது ஹால். இது கிச்சன். பதினாலாவது மாடிங்கிறதால கொசு ஏறாது. லிஃப்ட் ரெண்டு, ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு ஓடும். கீழ இறங்கி மூணு நிமிஷம் நடந்தா மெட்ரோ. நான் வேகமா நடக்கிறவன், நீங்க நாலுன்னே வச்சுக்குங்க. இங்க வாங்க, பால்கனிய பாருங்க. நேர் கிழக்கு. கைய நீட்டுங்க சார். மணி எட்டு கூட ஆகலை, எப்படி அடிக்குது பாருங்க வெயில். என் வொய்ஃப் கோமளாவுக்கு முட்டி வலி. காலை வெயில்ல அரை மணி நேரம் உக்காருங்கன்னு டாக்டர் சொன்னார். அதுக்காகவே கேட்டு வாங்கின பக்கம் இது.

அந்த ரூமா? அது பின்பக்க பெட்ரூம். மேற்கு. திரை போட்டு வச்சிருக்கேன், இருக்கட்டும், கடைசியா பாக்கலாம்.

என்ன கேட்டீங்க? குடி வந்து மூணு மாசம்தானே ஆகுது, அதுக்குள்ள ஏன் காலி பண்றீங்கன்னா? புரோக்கர் என்ன சொன்னார்? பொண்ணு ஸ்கூல் தூரம்னா? ஆமா, தூரம்தான். கோமளாகிட்டயும் அதைத்தான் சொன்னேன். நீங்க யாரோ நான் யாரோ, உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும். உக்காருங்க. சோஃபாவ நேத்தே அனுப்பிட்டேன், இந்த பிளாஸ்டிக் சேர்தான் இருக்கு. நான் தரையில உக்காந்துக்கிறேன், எனக்குப் பழக்கம்தான்.

என் பேரு தணிகாசலம். சுற்றுச்சூழல் ஆய்வு பண்ற கம்பெனில கள அலுவலர். பேரு பெருசா இருக்குல்ல? வேலை இதுதான். எங்கயாவது பெரிய கட்டடம் வரப்போகுதுன்னா, வர்றதுக்கு முன்னாடி நான் போவேன். சத்தம் எவ்வளவு, தூசி எவ்வளவு, கிணத்துல தண்ணி எத்தனை அடியில, எத்தனை மரம், எல்லாம் அளப்பேன். ஊர்ல கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு வீட்டப் பத்தி விசாரிப்பாங்களே, அந்த மாதிரி. ஆனா பாருங்க, நாங்க விசாரிச்சு எந்தக் கல்யாணமும் நின்னதில்லை.

இந்தக் கட்டடத்துக்கும் நான்தான் அளந்தேன். ஆமா சார், இதே கட்டடம். நீங்க ஒரு மாதிரி பாக்குறீங்க. சலுகையில வாங்கிட்டேன்னு நினைக்காதீங்க. எல்லாருக்கும் போட்ட விலைதான் எனக்கும். பக்கமும் மாடியும் மட்டும் நான் கேட்டதைக் குடுத்தாங்க, அவ்வளவுதான். அது ஒரு மரியாதை.

மெட்ரோ ஸ்டேஷன் வந்தா அதைச் சுத்தி நடந்து போற தூரத்துக்கு உசரமா கட்டிக்கலாம்னு அனுமதி. நல்ல விஷயம்தான், நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆயிரம் பேர் ஸ்டேஷன் பக்கத்துல குடியிருந்தா ஆயிரம் வண்டி ரோட்டுக்கு வராது. நான் இப்ப ஸ்கூட்டர் எடுத்தே மூணு மாசமாச்சு. அதனால ஊருக்கே லாபம். ஆனா ஊருக்கு லாபம் வரும்போது தெருவுக்கு ஏதாவது போகத்தான் செய்யும். அதுக்கு எங்க அறிக்கையில தனி அத்தியாயமே உண்டு. 'தவிர்க்க முடியாத பாதிப்புகள்'. அந்த அத்தியாயத்தை நான் ரொம்ப நேர்மையா எழுதுவேன் சார். எங்க பூபாலன் சார், அதாவது எங்க மேலதிகாரி, "தணிகா, உன் அத்தியாயம் படிச்சா எனக்கே அழுகை வருதுய்யா"ன்னு கிண்டல் பண்ணுவார். இருபத்திமூணு மரம் போகும்னு எழுதினேன். மூணு வருஷம் தூசி, சத்தம், எழுதினேன். போர்வெல் பத்தடி இறங்கும், எழுதினேன். எழுதினா என்ன ஆகும்னு கேப்பீங்க. எழுதினா அதுக்கு ஈடு செய்யணும் சார். மரத்துக்கு மரம் நட்டாங்க. போர் வத்தின வீட்டுக்கெல்லாம் கட்டட ஆளுங்க செலவுல தண்ணி லாரி வந்துச்சு. தவிர்க்க முடியாதுன்னு ஒரு வரி எழுதிட்டா அது ஒரு பிடிமானம். எழுதாத பாதிப்புக்கு ஒண்ணுமே இல்லை.

நிழலை நான் எழுதலை.

அந்தப் பின்பக்க ஜன்னலுக்கு நேர் கீழ, சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஒத்த மாடி வீடு இருக்கு. அஞ்சுகம்னு ஒரு அக்கா. ஐம்பது வயசு இருக்கும். புருஷன் தவறிட்டார், மகள கட்டிக்குடுத்தாச்சு. அந்த மொட்டை மாடிதான் அவங்க கடை, வயல், ஆபீஸ் எல்லாம். தை பொறந்தா ஆரம்பிப்பாங்க. கூழ் வத்தல், மோர் மிளகாய், சுண்டைக்காய், கொத்தவரங்காய். சித்திரை வைகாசி வரைக்கும் காய வச்சு எடுத்தா, வருஷம் பூரா மெஸ்ஸுக்கும் கேட்டரிங்குக்கும் போகும். இந்தப் பக்கத்துல நீங்க சாப்பாடு சாப்பிட்டு ஓரத்துல ஒரு வத்தல் கடிச்சிருந்தீங்கன்னா அது அவங்க மாடியில காஞ்சதுதான்.

சர்வே பண்ணப் போனப்ப முதல் வீடே அவங்க வீடு. மாடியேறிப் போனேன். வேட்டிய விரிச்சு கூழ் ஊத்திக்கிட்டு இருந்தாங்க. காக்கா வராம இருக்க ஒரு மூலையில கறுப்புக் குடை. "யாருப்பா, வேட்டிய மிதிக்காம வா"ன்னாங்க. நான் யாருன்னு சொன்னேன். "கட்டடம் வரப்போகுதா? சரி, கைய நீட்டு"ன்னு கரண்டில இருந்து ஒரு உருண்டை சூடான கூழ உள்ளங்கையில வச்சாங்க. பச்சமிளகாய், சீரகம், லேசா எலுமிச்சை. நான் மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கள ஆய்வுல யார் வீட்லயும் தண்ணி கூட குடிக்கக் கூடாதுன்னு எங்களுக்கு விதி. கூழ் தண்ணி கணக்குல வராதுன்னு நானே தீர்ப்பு சொல்லிக்கிட்டேன்.

அன்னைக்கு அவங்களே சொன்னாங்க சார். நான் கேக்கக் கூட இல்லை. "தம்பி, உச்சி வெயிலு எல்லா மாடிக்கும்தான் வருது. வத்தலுக்கு அது ஆகாது. நேரா அதுல போட்டா மேல காஞ்சு உள்ள ஈரம் நின்னுக்கும், புளிச்சுரும். முதல் வெயில் காலை வெயிலா இருக்கணும். இளசா வந்து மெதுவா ஏறணும். எனக்கு ஆறரையில இருந்து பத்து வரைக்கும் வர்ற வெயில்தான் சோறு. உங்க கட்டடம் கிழக்கால வருதே, அது மறைக்குமா?"

அளந்து பாத்துச் சொல்றேங்கான்னேன்.

படிவத்துல நிழலுக்கு மூணு கட்டம் உண்டு. காலை ஒன்பது, உச்சி, மதியம் மூணு. ஒரு நாள் போதாது, வெயில் காலத்துல ஒருக்கா, மார்கழில ஒருக்கா பாக்கணும். பூபாலன் சார்கிட்ட போய் சொன்னேன். இருபது மாடி சார், கிழக்கால சந்து அகலம் போக நூறடி கூட தள்ளல, காலையில அந்த வரிசை பூரா இருட்டும்னேன். அவர் சிரிச்சார். "ஏன்யா, இது என்ன லண்டனா? மெட்ராஸ்ல எவனாவது நிழல் வருதுன்னு புகார் குடுப்பானா? நிழல் குடுத்தா புண்ணியம்யா. சும்மா ஒரு அளவு எடுத்துப் போடு. ஏப்ரல் முடியறதுக்குள்ள குடுக்கணும்." நானும் சிரிச்சேன். அவர் சொன்னதுல ஒரு நியாயம் இருந்துச்சு சார். மே மாசம் இந்த ஊர்ல நிழலுக்கு அழாதவன் யாரு?

ஏப்ரல் கடைசி வாரத்துல போனேன். மத்தியானம் பன்னெண்டு மணி. அஞ்சுகம் அக்கா மாடியில ஒரு மூணடி குச்சிய நேரா நட்டேன். எதிர்ல காலி மனை, கட்டடம் இன்னும் வரலைல்ல, அதனால குச்சிய வச்சுக் கணக்குப் போடுறதுதான் வழக்கம். குச்சிக்கு விழுற நிழல அளந்து, கட்டட உசரத்துக்குப் பெருக்கிக்குவோம். அக்காவும் பக்கத்துல குந்தி உக்காந்து பாத்தாங்க. பக்கத்து வீட்டு டெய்லர் கஜபதியும் வந்து பாத்தார். குச்சிக்கு நிழலே இல்லை சார். சுத்தமா இல்லை. காலடியில ஒரு புள்ளி மாதிரி. அக்காவுக்கு அதிசயமா போச்சு. "ஏ தம்பி, நிழலையே காணோமே!"ன்னு சின்னப் பொண்ணு மாதிரி கை தட்டினாங்க.

பாருங்கக்கா, நீங்களே பாத்துக்கிட்டீங்கன்னு சொன்னேன். போட்டோ எடுத்தேன். உச்சி கட்டத்துல 'இல்லை'ன்னு எழுதினேன். காலை ஒன்பது கட்டத்துல 'மேற்படி'. மதியம் மூணுக்கு 'மேற்படி'. மார்கழிப் பக்கத்துலயும் மேலேர்ந்து கீழ வரைக்கும் மேற்படி, மேற்படி. பூபாலன் சார் கையெழுத்து போட்டுட்டு டீ வாங்கிக் குடுத்தார்.

ஒரு நிமிஷம் சார், தண்ணி குடிச்சுக்கிறேன். உங்களுக்கு வேணுமா? ஃபில்டர் தண்ணிதான்.

அதுக்கப்புறம் கருத்துக் கேட்புக் கூட்டம். சமுதாயக் கூடத்துல. கஜபதிதான் எதிர்ப்புக்குத் தலைமை. அவருக்கு வாசல் வெளிச்சத்துலதான் தையல் மெஷின், வெளிச்சம் போனா ஊசி தெரியாது. நாப்பது பேர் கையெழுத்து வாங்கியிருந்தார். முதல் கையெழுத்து அஞ்சுகம். அந்தத் தெருவுல அவங்க போட்டா மத்தவங்களும் போடுவாங்க, அப்படி ஒரு மதிப்பு. கோரிக்கை பெருசா ஒண்ணும் இல்லை. கட்டடத்த அம்பதடி தள்ளிக் கட்டுங்க, இல்லைன்னா எங்களுக்கு வெயில் போறதுக்கு ஈடு குடுங்க. நியாயமான கோரிக்கை. நான் இப்ப சொல்றேன், நியாயமான கோரிக்கை.

கூட்டத் தலைவர் என்னைப் பாத்து, "நிழல் அளந்தாச்சா?"ன்னு கேட்டார். அப்ப என்ன பண்ணேன் தெரியுமா? என் வாயால சொல்லலை. எழுந்திருச்சு, கூட்டத்தப் பாத்து, "அஞ்சுகம் அக்கா, உங்க மாடியிலதான் வச்சு அளந்தோம். நீங்களே சொல்லுங்க, நிழல் விழுந்துச்சா?"ன்னு கேட்டேன்.

அவங்க எழுந்திருச்சாங்க. முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டாங்க. அவங்களுக்குப் பொய் வராது சார். "விழலைங்கய்யா. நான் கண்ணால பாத்தேன். விழலை"ன்னாங்க.

அவ்வளவுதான். கூட்டம் சப்புன்னு ஆயிடுச்சு. கஜபதி அவங்கள ஒரு பார்வை பாத்தார் பாருங்க. மினிட்ஸ்ல ஏறிடுச்சு: 'அருகில் வசிப்பவரே நிழல் விழவில்லை என நேரில் கண்டு உறுதி செய்தார்.' அந்த வரிய எழுதினதும் நான்தான். நல்லா எழுதியிருக்கேன்னு அன்னைக்கு நினைச்சேன்.

அதுக்கப்புறம் கட்டடம் ஏறிச்சு. எட்டாவது மாடி வரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லலை. பத்தாவது மாடிக்கு மேல, தெருவுல காலையில ட்யூப்லைட் எரிய ஆரம்பிச்சுதாம். கஜபதி வீட்லதான் முதல்ல. எனக்கு அதெல்லாம் தெரியாது சார். நான் வேற சைட்ல இருந்தேன். தெரியாதுன்னா, தெரிஞ்சுக்கல.

தை மாசம் பால் காய்ச்சி இங்க வந்தோம். முதல் நாள் காலையில கோமளா இந்தப் பால்கனியில சேர் போட்டு உக்காந்து, "என்னங்க, வெயில் எப்படி மடியில வந்து உக்காருது பாருங்க"ன்னா. எனக்கு சந்தோஷம்தான். காபிய எடுத்துக்கிட்டு சும்மா பின்பக்கம் போய் ஜன்னலத் திறந்தேன். கீழ பாத்தேன்.

நம்ம கட்டடத்தோட நிழல் அந்தத் தெருவையே மூடிக் கெடந்துச்சு. அந்த இருட்டுல அஞ்சுகம் அக்கா வேட்டிய விரிச்சு கூழ் ஊத்துறாங்க. மணி ஆறே முக்கால். ஊத்தி முடிச்சு உக்காந்திருக்காங்க. ஏழு, எட்டு, ஒன்பது. நான் ஆபீஸுக்குப் போகலை. பத்தேகாலுக்குத்தான் மேற்கு ஓரத்துல கோடு மாதிரி வெயில் விழுந்துச்சு. உடனே எழுந்திருச்சு, ஈரக் கூழோட வேட்டிய நாலு முனையும் பிடிச்சு அந்தக் கோட்டுப் பக்கம் இழுக்குறாங்க. பாதி வத்தல் ஒட்டிக்கிச்சு. இழுத்து வச்சு நிமிரறதுக்குள்ள உச்சி வெயில் நெருப்பா வந்துருச்சு. அப்புறம் மூணரைக்கெல்லாம் மேற்க ஸ்டேஷன் கூரை மறைச்சிருது. இப்படி ஒரு நாள் இல்லை. தை பூரா, மாசி பூரா.

மாசில ஒரு மெஸ்காரர் ஒரு மூட்டைய திருப்பிக் கொண்டுவந்து போட்டுட்டுப் போனார். புளிச்சுப்போச்சாம், உள்ள பூஞ்சையாம். அக்கா அதைப் பிரிச்சு ஒவ்வொரு வத்தலா மோந்து பாத்தாங்க. நான் மேல இருந்து பாத்தேன். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்பாங்க. எனக்கு குறுகுறுப்பு இல்லை சார், நேரா கடைக்குப் போய் துணி வாங்கிட்டு வந்தேன். அன்னையிலிருந்து அந்த ஜன்னலுக்குத் திரை.

திரை போட்டா கேக்காம போகுமா? கீழ வண்டி எடுக்கப் போனப்ப, இல்லை, வண்டி எடுக்கிறதில்லைன்னு சொன்னேன்ல, காய்கறி வாங்கப் போனப்ப, காதுல விழுந்துச்சு. தெருவுல யாரும் அவங்ககிட்ட முகம் குடுத்துப் பேசறதில்லை. கஜபதி தன் பொண்ணு கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டு அக்காவுக்கே பத்திரிகை வைக்கலை. "கூட்டத்துல எழுந்து நின்னு நிழல் விழலைன்னு சொன்ன மகராசிதானே"ன்னு தண்ணிக் குழாய்ல பேசிக்கிட்டாங்க. கட்டடக்காரங்ககிட்ட ஏதோ வாங்கிட்டாங்கன்னு கூட ஒருத்தி சொன்னா. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பக்கத்துலயே நான் நின்னு முருங்கைக்காய் பொறுக்கிக்கிட்டு இருக்கேன், என்னை யாருக்கும் தெரியலை. தொப்பியும் ஐடி கார்டும் இல்லைன்னா எங்களை எல்லாம் யாரு அடையாளம் கண்டுபிடிக்கிறது.

அவங்க கண்டுபிடிச்சாங்க. "தம்பி! நீ குச்சி நட்ட தம்பிதானே?" கைய பிடிச்சுக்கிட்டாங்க. திட்டப் போறாங்கன்னு நினைச்சேன். திட்டியிருந்தா இந்த நேரம் நான் நிம்மதியா இந்த வீட்லயே இருந்திருப்பேன் சார். அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "நான்தான் சரியா பாக்கலை போலிருக்கு தம்பி. உன் அளவு சரியாத்தான் இருந்திருக்கும், படிச்ச புள்ள. குச்சியோட நிழல் எங்கயோ விழுந்திருக்கு, என் கண்ணுக்குப் படலை. நான் அவசரப்பட்டு எழுந்து சொல்லிட்டேன். உனக்கும் கெட்ட பேரு ஆயிடுச்சாப்பா?"

எனக்குக் கெட்ட பேரு ஆயிடுச்சான்னு கேக்குறாங்க.

இங்கதான் நான் உங்ககிட்ட ஒண்ணு விட்டுட்டேன். ஏப்ரல் கடைசி வாரம்னு சொன்னேன்ல, அது எந்த நாள்னு சொல்லலை. நம்ம ஊருக்கு வருஷத்துல ரெண்டு நாள் சூரியன் நேர் உச்சந்தலைக்கு வரும். சித்திரையில ஒண்ணு, ஆவணியில ஒண்ணு. அன்னைக்கு உச்சி வேளையில எதுக்குமே நிழல் விழாது. குச்சிக்கும் விழாது, கோபுரத்துக்கும் விழாது. ஸ்கூல்ல பசங்கள கிரவுண்டுல நிக்க வச்சு, டம்ளரக் கவுத்து வச்சு வேடிக்கை காட்டுவாங்க. என் பொண்ணு இலக்கியா அப்ப ஆறாவது. முதல் நாளே வந்து சொன்னா, "அப்பா, நாளைக்கு நிழலே இருக்காதாம்"னு. சரிதான், தற்செயலா அமைஞ்சுபோச்சுன்னு நாலு வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தற்செயல் இல்லை சார். அந்த வாரம் எனக்கு வேற சைட் போட்டிருந்தாங்க. அவ சொன்னதும் நான் பூபாலன் சாருக்கு போன் பண்ணி, நாளைக்கு நிழல் வேலைய முடிச்சுடறேன்னு மாத்தி வாங்கினேன். அவருக்கு அந்த நாளைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அவர் சும்மா ஒரு அளவு கேட்டார். அந்த நாளைப் பாத்து எடுத்தது நான்தான்.

எதுக்குன்னு கேக்காதீங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சு யோசிச்சா, அப்பவே கட்டடக்காரங்ககிட்ட கிழக்குப் பக்க வீடு ஒண்ணு வேணும்னு வாய்விட்டுக் கேட்டிருந்தேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அப்படித்தான் நினைச்சேன்.

போன புதன்கிழமை காலையில கீழ போனேன். மனசு கேக்கலை. அவங்க மாடிக்கு ஏறிப் போனேன். ஒன்பது மணி, பொழுது விடியாத மாதிரி கெடக்கு. சொல்லிட்டேன். அக்கா, உங்க கண்ணுல தப்பில்லை, அன்னைக்கு நிழல் விழாது, அது எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் வந்தேன், காலையில அளந்திருந்தா உங்க மாடி பூரா விழுந்திருக்கும், அதை நான் எழுதியிருந்தா உங்களுக்கு ஈடு கிடைச்சிருக்கும். ஒரே மூச்சுல.

அக்கா கையில இருந்த கரண்டிய அப்படியே சட்டிமேல வச்சாங்க. நான் அடி விழும்னு கூட நின்னேன். கடைசியா, "அப்ப நான் பொய் சொல்லலையா தம்பி?"ன்னு கேட்டாங்க.

இல்லைக்கா.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?"

நல்லா இருக்குக்கா.

அழுதாங்க சார். கோவமே இல்லை. முகத்த தொடைச்சுக்கிட்டு, "ஈடெல்லாம் விடு, கட்டடத்த நகத்தவா முடியும். இதை மட்டும் கஜபதி அண்ணன் முன்னாடி வந்து சொல்லிடு. தெருவுல எல்லாரையும் ஞாயித்துக்கிழமை மாடிக்கு வரச் சொல்றேன். பத்தரைக்கு வெயில் வந்துரும். நீ சொன்னா போதும், வேற ஒண்ணும் வேண்டாம். நீ நல்லா இருப்பே"ன்னாங்க. நான் சரின்னேன். தலையில அடிச்சு சத்தியம் பண்ணாத குறைதான். வர்றேங்கா, கண்டிப்பா வர்றேன்னேன்.

அன்னைக்கு சாயங்காலம்தான் புரோக்கருக்கு போன் பண்ணேன்.

நீங்களே சொல்லுங்க சார். நாப்பது பேர் நிப்பாங்க. எல்லார் கையிலயும் போன் இருக்கு. யாராவது ஒருத்தர் எடுத்துப் போட்டாங்கன்னா என் வேலை போச்சு, பூபாலன் சார் வேலை போச்சு, இந்த வீட்டுக்கு எப்படி கிழக்குப் பக்கம் கிடைச்சுதுன்னு நோண்டுவாங்க. என் பொண்ணுக்குத் தெரியும். அவதானே அந்த நாளைச் சொன்னா. நான் அவங்ககிட்ட உண்மைய சொல்லிட்டேன்ல? நேர்ல போய், அவங்க மாடியில நின்னு சொன்னேன். எத்தனை பேர் அந்த அளவுக்குச் செய்வாங்க? ஆனா பாருங்க, அவங்க அதை வெளியில போய் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. அவங்க சாட்சியம்தான் ஏற்கனவே கெட்டுப்போச்சே.

வாங்க, அந்த ரூமையும் பாத்துடுங்க. இல்லைன்னா அப்புறம் மறைச்சுட்டேன்னு சொல்வீங்க. திரைய நீங்களே விலக்குங்க. எனக்குக் கை வரலை. நேர் கீழ. இருட்டா இருக்குல்ல, கொஞ்சம் உத்துப் பாருங்க. மாடியப் பெருக்கி, கோலம் போட்டிருக்காங்களா? பாய் எத்தனை விரிச்சிருக்கு? ஆறா? நேத்து நாலு இருந்துச்சு. அந்த ஓரத்துல உக்காந்து பெரிய அண்டாவ சாம்பல் போட்டுத் தேய்க்கிறாங்க பாருங்க, அவங்கதான். ஒரு ஆளுக்கு அவ்வளவு பெரிய அண்டா எதுக்கு? நாளைக்கு வர்ற எல்லாருக்கும் கூழ் காய்ச்சுறாங்களாம். கஜபதிக்கு இன்னைக்குக் காலையில தானே போய் சொல்லிட்டு வந்தாங்களாம். அவரும் வர்றேன்னு சொல்லிட்டாராம். கட்டடம் ஏறினதுக்கப்புறம் முதல் தடவை பேசியிருக்கார். எனக்கு எப்படித் தெரியும்னா, பால் வாங்கக் கீழ இறங்கினப்ப அக்காவே கூப்பிட்டுச் சொன்னாங்க. என் ஜன்னல் எதுன்னும் அவங்களுக்குத் தெரியும்.

மேல பாக்குறாங்களா? கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு லாரி வருது. கட்டிலும் பீரோவும்தான் பாக்கி. வீடு உங்களுக்குப் பிடிச்சிருக்குல்ல? பிடிச்சிருக்கும், இப்படி வெயில் இந்த ஏரியாவுல கிடைக்காது. அக்ரிமென்ட் எல்லாம் அப்புறம் போட்டுக்கலாம், முன்பணத்துக்கும் அவசரம் இல்லை. உங்களால நாளைக்கே வந்துட முடியுமா? காலையில பத்தரைக்கு முன்னாடி வந்துட்டா நல்லது. ஒருவேளை யாராவது மேல ஏறி வந்து கதவத் தட்டினா, இங்க தணிகாசலம்னு யாரும் இல்லைன்னு சொல்லிடுங்க. பொய் இல்லை சார் அது. நீங்க சொல்றப்ப அது உண்மையாத்தான் இருக்கும்.

இந்தாங்க, சாவிய வச்சுக்குங்க.